ஒரிஜினல் கட்டை

எங்கள் இசைக்குழுவில் மூன்றே பேர். பாடுவது நான், கீபோர்டு என் வீட்டுக்காரர், டிரம்ஸ் என் தம்பி. முன்பு ஏழு பேர் இருந்தோம். மற்ற நால்வரும் மாதச் சம்பள வேலை கிடைத்து ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். தம்பிக்கு வாய் நீளம் என்பதால் மேனேஜர் பதவியும் அவனுக்கே.

சொந்தமாக ஒரு வரிகூட நாங்கள் எழுதியதில்லை. ஊரார் பாட்டை ஊராருக்கே பாடிக் காட்டிப் பிழைக்கிறோம். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. தையல்காரர் என்ன, துணியைத் தானே நெய்துகொள்கிறாரா? ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு. பாட்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். வயது ஏற ஏறக் குரல் மேலே எட்டாது. பாடகிகள் சத்தமில்லாமல் அரைக் கட்டை, ஒரு கட்டை என்று பாட்டைக் கீழே இழுத்துக்கொள்வார்கள். நான் இழுத்ததில்லை. ரெக்கார்டில் என்ன கட்டையோ அதே கட்டை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடம் இரண்டு முறை சொல்வேன்.

கூலி விஷயத்தில் நான் கண்டுபிடித்த சட்டம் ஒன்று உண்டு. ஜனங்கள் உயிரைக் கொடுத்துக் கேட்கிற இடத்தில் காசு தேறாது. கடைத் திறப்பு விழாவில் 'இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கடைசியில் கைக்கு வருவது ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் கூலிக்குப் பதில் குக்கர் கொடுத்தார். மூடி வேறு அளவு. ஒருவரும் காது கொடுக்காத இடத்தில்தான் கவர் கனக்கும். பெரிய கம்பெனி விருந்து ஒன்றில், நான் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மேடைக்கு முன்னால் நின்று போனில் பேசினார். பேச்சுக்கு நடுவில் என்னைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாக என்று கையை வேறு காட்டினார். அந்த ஒரு கவரில் பிள்ளைகளின் அந்த வருடத்துப் பள்ளிக்கூடக் கட்டணம் முழுதும் அடைந்தது.

"அக்கா, நாம தப்பான இடத்துல நல்லா பாடிட்டு இருக்கோம்," என்றான் தம்பி. "இனிமே நல்ல இடத்துல பாடணும்."

"நல்லா பாடணுமா?"

"அது அப்புறம் பார்த்துக்கலாம்."

அவன் களத்தில் இறங்கினான். வாடகைக்குக் கறுப்புக் கோட்டு எடுத்துப் போட்டோ பிடித்தான். என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த கோட்டின் தோள்பட்டை அவருக்கு முழங்கை வரை வந்தது. யார் போன் செய்தாலும் அவன் மனைவிதான் எடுப்பாள். "லைன்ல இருங்க, மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்," என்பாள். மீட்டிங் என்றால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான். பழைய ரேட்டை இரண்டு மடங்காக ஏற்றினான். குறைவாகக் கேட்டபோது பேரம் பேசியவர்கள், கூடக் கேட்டதும் 'சார்' போட ஆரம்பித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று ஒரு கார்டு அடித்தான். நடுவில் பெரிய எழுத்தில், 'ஒவ்வொரு பாட்டும் ஒரிஜினல் கட்டையில்!'

என் வீட்டுக்காரர் அந்தக் கார்டை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வரி வேணுமா?" என்றார்.

"ஏன், பொய்யா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய்விட்டார். அவர் சுபாவமே அப்படி. பேசவேண்டிய நேரத்தில் எதையாவது துடைப்பார்.

கார்டு வேலை செய்தது. ஊரிலேயே பெரிய ஹோட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். சனிக்கிழமைதோறும் சாயங்காலம், வருடம் முழுக்க. நான் பகலில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இந்தக் குரலை வைத்துக்கொண்டு நாளெல்லாம் 'அடுத்தது யாரு' என்று கூப்பிடுகிறேன். ஹோட்டல் மட்டும் அமைந்துவிட்டால் அந்த நாற்காலிக்குப் பெரிய கும்பிடு போட்டுவிடலாம். ஆசை என்றால் அப்படியொரு ஆசை. கிளினிக்கில் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஹோட்டல் மேனேஜர் சின்ன வயதுக்காரர். கம்பளம் விரித்த மாதிரி மெத்தென்று பேசுவார். முதலில் மதிய நேரத்தில் வந்து சாம்பிளுக்கு இரண்டு பாட்டுப் பாடவேண்டும் என்றார். பிறகு ஒன்று சேர்த்தார். "கீபோர்டு எடுத்துட்டு வராதீங்க. போட்டோல பார்த்தேன், துணி தேய்க்கிற மேசை மாதிரி இருக்கு. எங்க ஹால்லயே பியானோ இருக்கு."

அன்று முதல் என் வீட்டுக்காரருக்கு உடம்பு முழுக்க வியாதி. இடுப்பு பிடித்துக்கொண்டது. மணிக்கட்டு வலித்தது. பியானோவுக்கு விரல் வேறு மாதிரி வைக்கவேண்டும் என்றார். "கீபோர்டு மேல அழகா ஒரு துணியப் போட்டு மூடிக்கலாமே," என்றார்.

"ஊர்ல இருக்கிறவன்லாம் பியானோ கிடைக்காதான்னு ஏங்கறான், உங்களுக்குக் கிடைச்சா கசக்குதா?" என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் பாத்திரம் துடைத்தார்.

ஹாலில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. ஒரு பெண் கம்பளத்தில் மிஷினை உருட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் சைகை காட்டியதும் மிஷின் நின்றது. என் வீட்டுக்காரர் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார். ஊசி போட்டுக்கொள்ளப் போகிற குழந்தையைத் தாய் பார்க்கிற பார்வை. பிறகு வாசித்தார்.

பல்லவியிலேயே ஏதோ இடறியது. தினம் ஏறுகிற மாடிப்படியில் யாரோ இரண்டு படி கூடக் கட்டிவிட்டது போல் இருந்தது. சமாளித்தேன். சரணத்தில் மேலே போகிற இடம் வந்தது. ஆயிரம் தடவை போன இடம். வாயைத் திறந்தேன், குரல் உடைந்தது. பிசிறடித்தால் இருமலை வைத்து மறைக்கலாம். இது நடுவில் பிளந்துகொண்டு நின்றது.

"பியானோவுல சுருதி ஏறிக் கிடக்கு," என்றேன்.

"இல்ல," என்றார் அவர்.

"டேய், போன்ல ரெக்கார்டைப் போடு."

"வேணாம்க்கா," என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

"போடுடா!"

போட்டான். ரெக்கார்டும் பியானோவும் அச்சாக ஒன்றாக இருந்தன. நான்தான் வேறாக இருந்தேன்.

"அப்ப இவ்வளவு நாள் நான் எதுலதான் பாடினேன்?"

"ரெண்டு கட்டை கீழ," என்றார்.

கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கிறதாம். அதை அமுக்கிவிட்டால், விரல் ஒரிஜினலை வாசிக்கும், வெளியே வருவது கீழே இறங்கி வரும். ஸ்கிரீனில் 'மைனஸ் நாலு' என்று எப்போதும் தெரியும், அதாவது நாலு அரைக் கட்டை கீழே. ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஸ்பீக்கர் கிழிந்துவிடாமல் இருக்கச் சத்தத்தைக் குறைத்திருப்பதாகச் சொன்னார். என்ன பொறுப்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்பலேர்ந்து?"

"உனக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆச்சே, அதுக்கப்புறம் முதல் கச்சேரி. அன்னைக்கு ஒரு நாளைக்குன்னுதான் அரைக் கட்டை இறக்கினேன். நீ வீட்டுக்கு வந்து, குரல் திரும்பி வந்துடுச்சுன்னு என்னைக் கட்டிக்கிட்டு அழுதே. அப்புறம் எப்படி ஏத்துறது? போகப்போக இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டுது."

"ஒரு தடவைகூட ஏத்திப் பார்க்கலையா?"

"பார்த்தேன். மைக் சரியில்லைன்னு சவுண்டுக்காரரை உண்டு இல்லைன்னு பண்ணிட்டே."

அந்த ஆள் இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். திமிர் பிடித்தவன் என்று நினைத்திருந்தேன்.

நான் தம்பி பக்கம் திரும்பினேன். "உனக்கும் தெரியுமா?"

"பக்கத்துலதானேக்கா உட்கார்ந்திருக்கேன். ஸ்கிரீன் தெரியுமே."

"தெரிஞ்சுமா கார்டுல அப்படிப் போட்டே?"

"நீதானே பார்க்கிறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டு இருந்தே! போடலேன்னா ஏன் போடலேன்னு கேட்பே. அதுக்கு என்ன பதில் சொல்றது?"

மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி இருவர் மண்டையிலும் போடவேண்டும் போல் இருந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் பயம் கிடந்தது. என்னிடம் இருக்கிறது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த ஒரே பொருள், எப்போதோ போய்விட்டிருக்கிறது. வீட்டில் எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

"ஏதாவது பிரச்சனையா மேடம்?" என்றார் ஹோட்டல் மேனேஜர்.

பியானோ சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானத்தோடு வீட்டுக்குப் போகலாம். திங்கட்கிழமை 'அடுத்தது யாரு' என்று கூப்பிடலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஏங்க, ரெண்டு கட்டை இறக்குங்க," என்றேன்.

"இதுல பட்டன் இல்லையே," என்றார் கிசுகிசுப்பாக.

"விரல் இருக்குல்ல?"

"கட்டையா?" என்று மேனேஜர் குறுக்கே வந்தார். "முழுக்க நல்ல மரம் மேடம், நாங்களே பார்த்து வாங்கினது."

என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். இத்தனை வருடம் ஒரே இடத்தில் ஓடிப் பழகிய விரல்கள், இருட்டில் சுவிட்சைத் தேடுவது போல் ஒவ்வொரு ஸ்வரமாகத் தடவித் தடவிப் போயின. துள்ள வேண்டிய பாட்டு நொண்டியது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நான் என்ன செய்வது? அவர் கண்டுபிடிக்கும் வரை இருக்கிற எழுத்தையே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் டிரம்மை விரலால் வருடிக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்தபோது நாங்கள் மூவரும் மேனேஜரின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் பாட்டை அப்படியே பாடிட்டுப் போனாங்க," என்றார். "நீங்க ஒவ்வொரு ஸ்வரத்தையும் யோசிச்சு யோசிச்சுத் தர்றீங்க. கார்டுல ஒரிஜினல்னு போட்டிருந்தீங்களே, இப்பத்தான் புரியுது. ரொம்ப ஒரிஜினல்!"

வேலை எங்களுக்கே. நிபந்தனை ஒன்றுதான், எல்லாப் பாட்டும் இதே மாதிரி இருக்கவேண்டும். விருந்தாளிகள் மென்று சாப்பிட வசதியாக இருக்குமாம்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டிலும் என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. என்னை ஏமாற்றியதற்குக் கோபமா, இத்தனை வருடம் தனியாகச் சுமந்தாரே என்ற வருத்தமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் பட்டனைத் தொடாமல் கீபோர்டில் மணிக்கணக்காகப் பழகினார். தம்பி பதறிக்கொண்டு ஓடி வந்தான். "மாமா, ரொம்பப் பழகாதீங்க! வேகம் வந்துட்டா வேலை போயிடும்!"

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. ஒருவரும் மேடைப் பக்கம் பார்க்கவில்லை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தம்பி கட்டை விரலை உயர்த்தினான். இரண்டு பாட்டு மேனேஜர் கேட்டபடியே நொண்டி முடிந்தது. ஆனால் அந்த இரண்டிலும், கீழே இறக்கிய பிறகும், மேல் இடத்தில் என் தொண்டை இறுகியது. பழைய நாளாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிவதற்குள் அவர் பின்னாலிருந்து எதையோ அமுக்கியிருப்பார்.

இப்போது அமுக்க ஒன்றும் இல்லை. மூன்றாவது பாட்டுக்கு அவர் கைகளைத் தூக்கினார், தூக்கியபடியே என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் கேட்டார். "எவ்வளவு?" உதடுதான் அசைந்தது.

'அதே போதும்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார், அல்லது நம்பியது போல இருந்திருப்பார். அவருக்கு அது பழக்கம்தான்.

"இன்னும் அரைக் கட்டை இறக்குங்க," என்றேன்.

மைக்கைக் கையால் மூட மறந்துவிட்டேன். என் குரல் எல்லா ஸ்பீக்கரிலும் வெளியே வந்து ஹால் முழுக்கச் சுற்றியது. முள்கரண்டி ஒன்றுகூட நிற்கவில்லை. எந்தத் தலையும் நிமிரவில்லை. அவர் ஒருவர்தான் கேட்டுத் தலையாட்டினார். பிறகு குனிந்து தேட ஆரம்பித்தார், நான் காத்திருந்தேன்.