சிபிரியின் குழியில் ஸான் ஜாரா

சிபிரி டிராவோரே செத்துப்போனார் என்று கேள்விப்பட்டதும் ஸான் ஜாரா முதலில் வயிறு நிறையக் கம்பங்கூழ் குடித்தார். பிறகுதான் அழுதார். அழுது முடித்து, முகம் கழுவி, ஒரு கிழிந்த பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவு வீட்டுக்குக் கிளம்பினார்.

செகூ நாட்டு ராஜாவின் படைப்படகில் ஒன்றாகத் துடுப்பு போட்ட நாளிலிருந்து ஐம்பது வருடம் இருவரும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டவர்கள். ஜாரா குலமும் டிராவோரே குலமும் எதிர்ப்பட்டால் ஏசிக்கொள்வதுதான் முறை, கோபித்துக்கொண்டால் அவமானம். ஆனால் போன வாரம் சிபிரி திட்டவே இல்லை. "என் பசங்க ரெண்டு பேரையும் எப்பிடியாவது பேச வச்சிரு, ஸான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் ஸானைக் கலக்கிவிட்டது.

மூத்தவன் மோரிபா, இளையவன் சிரிமான். இருவர் நில எல்லையில் நின்ற வெண்ணெய் மரத்தின், சமையலுக்கு நெய் எடுக்கும் கொட்டையை யார் வீட்டுப் பெண்கள் பொறுக்குவது என்று இரண்டு வருடத்துக்கு முன்பு மூண்ட சண்டை. மரம் போன மழையில் விழுந்தே போய்விட்டது. வீம்பு மட்டும் அசையவில்லை.

கொள்ளுப்பேரன் கண்ட கிழவரின் சாவு, அழுவாரைக் காணோம். மத்தளம் முழங்கியது, சோளக்கள் பானை பானையாக வந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் அப்பனுக்குத் தோண்டிய குழிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள்.

"தலைமாடு எந்தப் பக்கம்னு அவனக் கேளு" என்று மோரிபா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஸான் வந்து சேர்ந்தார்.

"யாரு செத்தது? அந்தக் காராமணி தின்னியா? தின்னே செத்திருப்பான்."

கூட்டத்தில் முதலில் சிரித்தது சிபிரியின் மனைவிதான். ஸான் குழிக்குள் மெல்லச் சறுக்கி இறங்கினார். பாயை விரித்து நீட்டிப் படுத்துவிட்டார்.

"இது எனக்கு. அந்தச் சோம்பேறிக்கு வேற தோண்டுங்க."

"எந்திரி கெழவா, வெயில் ஏறுது" என்றான் மோரிபா மேலிருந்து.

"வேணும்னா தூக்கு" என்று ஸான் இரண்டு கையையும் மேலே நீட்டினார்.

மோரிபா குனிந்து ஒரு கையைப் பிடித்து இழுத்தான். எதிர்ப்பக்கமிருந்து சிரிமான் மறு கையை இழுத்தான். ஆளுக்கொரு திசையில் இழுத்தால் யார் எழுந்திருப்பார்கள்?

"என்னையும் கிழிச்சுப் பங்கு போடப் போறீங்களாடா? பேசி வச்சுத் தூக்குங்க. இல்லேன்னா உங்கப்பன என் மேலயே இறக்குங்க. எனக்குச் சம்மதம்."

கடைசி வார்த்தையில் குரல் பிசிறியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மோரிபா குழிக்குள் இறங்கினான். "தோள நான் பிடிக்கிறேன். நீ கால் பக்கம் வா" என்றான், தம்பியின் முகத்தைப் பார்க்காமலே.

சிரிமானும் இறங்கினான். இருவரும் நிற்க அங்கே இடம் போதவில்லை, தோளோடு தோள் இடித்தது.

"பாத்து, அண்ணே. ஆளு கனமா இருக்காரு."

ஸான் கண்களை இறுக மூடிக்கொண்டார். டிராவோரே வீட்டுச் சாவில் ஒரு ஜாரா அழுவது முறையில்லை.