நாவுனிவியில் துணி காய்கிறது

கிதியோனேவுக்குப் பொய் சொல்லவே வராது என்றுதான் நாவுனிவித் தீவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதில் போதகர் வீட்டுப் பப்பாளியைத் திருடித் தின்றுவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னால் தானே போய் அழுதவன் அவன். அப்படிப்பட்டவன் நாந்தி நகரத்திலிருந்து கடல் விமானத்தைக் கிளப்பி இருபது நிமிஷம் ஆகவில்லை, பிறந்த ஊரையே தெரியாது என்று சொல்லிவிட்டான்.

அதுவும் யார் கேட்டு? க்ளெனிஸ் என்று ஒரு பாவப்பட்ட கிழவி. அடிலெய்டில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற கணவர் ட்ரெவருக்கு எழுபது வயது முடிகிறதென்று, விமானத்தைத் தங்களுக்கென்றே அமர்த்திக்கொண்டு தீவுகளை மேலிருந்து பார்க்க வந்தவள். குறுக்குக் கேள்வி கேட்கத் தெரியாத மனுஷி.

"எவ்வளவு அழகாப் பேசுறீங்க, கேப்டன் கிடியன்! எங்க வளந்தீங்க?" என்று ஹெட்செட் வழியாகக் கேட்டாள்.

கிடியன் என்பது அவன்தான். ஊரில் அவன் கிதி. கிதியோனே என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் நுழையாது என்று சட்டையில் அப்படிப் பெயர் குத்தியிருந்தான்.

"ஆக்லாந்துலதான் மேடம், பெரும்பாலும்."

ஆக்லாந்தில் அவன் இருந்தது மொத்தம் பதினெட்டு மாதம், விமானம் ஓட்டப் படிப்பதற்காக. ஆனால் போன மாதம் ஒரு பயணி அவனை எந்த ஊர் என்று கேட்டு, தீவின் பெயரைச் சொன்னதும், அலுவலகத்தில் போய் "வேற பைலட் யாரும் இருக்காங்களா?" என்று விசாரித்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் விசாரித்தார். அது கிதிக்கு உள்ளே தைத்துவிட்டது. தைத்தது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக ஊரையா தலைமுழுகுவது?

இதில் இன்னொரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. விமானத்தின் கைப்பிடியில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கிக்கொண்டு பேசினால் ரேடியோவில் வெளியேயும் கேட்கும். விட்டுவிட்டால் விமானத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். க்ளெனிஸ் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சற்று முன்னால், கரையைத் தாண்டித் தீவுப் பக்கத்து அலைவரிசைக்கு மாறியதும், எங்கே பறக்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டுக் கிதி பட்டனை விட்டான். பட்டன் அவனை விடவில்லை. வருஷக்கணக்காக உப்புக் காற்றில் ஊறிய பட்டன், உள்ளே போனது போனபடி ஒட்டிக்கொண்டது. அது அமுங்கியிருக்கும்வரை ரேடியோவில் பிறர் பேசுவது அவனுக்குக் கேட்காது. இன்றைக்கு வானம் என்ன இவ்வளவு அமைதி என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான்.

நாவுனிவியில் ஒரு ரேடியோ இருந்தது. கிதியின் மாமன் மகன் பெனியாசிதான் அங்கே படகுக்காரன். விமானத்தில் வரும் விருந்தாளிகளைக் கரைக்குக் கொண்டுவருவது அவன் வேலை. அதற்காகக் கையில் பிடிக்கும் ரேடியோ ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அன்று அதை அவன் ஊர் மண்டபத்துக்கே கொண்டுவந்து, கிதியின் அம்மா உனாய்சிக்குப் பக்கத்தில் பாயின் மேல் வைத்திருந்தான். மகன் முதல் தடவையாகத் தன் ஊருக்கு மேலே பறந்து வருகிறான், அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று ஊரே சுற்றி உட்கார்ந்திருந்தது. க்ளெனிஸ் கேட்டது எதுவும் அவர்களுக்குக் கேட்கவில்லை. கிதியின் பதில்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

கீழே கடல் பச்சையும் நீலமுமாக விரிந்தது. பவளத் திட்டுகள், வெள்ளை மணல், தென்னை மூடிய மேடுகள். ட்ரெவர் படம் எடுத்துத் தள்ளினார். பத்தரை மணிக்கு நாவுனிவி தெரிந்தது. சர்ச்சின் சிவப்புக் கூரை, அதையடுத்து அவர்கள் வீடு, நடுவில் புல்வெளி. அந்தப் புல்வெளியில் வெள்ளை வெள்ளையாக என்னமோ கிடந்தது.

வீட்டுக்கு ஒன்று என்று வாங்கிய படுக்கை விரிப்புகள். உனாய்சிதான் விடிந்ததும் வாசல் வாசலாகப் போய்க் கேட்டு வாங்கி, கல் வைத்துப் புல்வெளியில் பரப்பியிருந்தாள். இருபத்திரண்டு விரிப்பில் நான்கு எழுத்து. சுற்றிலும் பிள்ளைகள் குதித்துக் கையாட்டின. மகனிடம் அவள் இதைச் சொல்லவே இல்லை. மேலே வந்து பார்த்துத் திகைக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

"எழுத்து மாதிரி இருக்கே! கே, ஐ, டி, ஐ... கிதியா? அப்படின்னா என்ன?" என்றாள் க்ளெனிஸ்.

அந்த நிமிஷம் கிதி உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கிழவி குழந்தை மாதிரி கைதட்டியிருப்பாள். ஆனால் ஆக்லாந்து என்று சொல்லியாயிற்றே.

"எழுத்தெல்லாம் இல்ல மேடம். துணி காயப் போட்டிருக்காங்க. இவங்க கண்ட இடத்துல காயப் போடுவாங்க."

"நமக்கா கையாட்டுறாங்க?" என்றார் ட்ரெவர்.

"எந்த விமானம் போனாலும் ஆட்டுவாங்க சார். வேற வேல கெடையாதுல்ல."

ட்ரெவர் சிரித்தார். கிதியும் சிரித்தான்.

"அங்கதானே நமக்கு மதியச் சாப்பாடு? வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதே?" என்று க்ளெனிஸ் கொஞ்சம் பயத்தோடு கேட்டாள்.

"பாட்டில் தண்ணி மட்டும் குடிங்க மேடம். எனக்கும் அந்தச் சாப்பாடு ஒத்துக்கறதில்ல."

இறங்கப்போகிறேன் என்று சொல்வதற்காகப் பட்டனில் கட்டைவிரலை வைத்தான். பட்டன் ஏற்கெனவே உள்ளே இருந்தது. நகத்தால் நெம்பினான். டப்பென்று வெளியே வந்தது. வந்ததும் எங்கேயோ பறந்துகொண்டிருந்த இன்னொரு பைலட் தீவு மொழியில் கத்தியது காதில் விழுந்தது.

"யாருப்பா அது, அரை மணி நேரமா பட்டன அமுக்கிக்கிட்டு? ஆக்லாந்துத் தொரையா? தொவச்சு முடிச்சாச்சா, இன்னும் காயுதா?"

இவ்வளவு நேரம் பேசியது அத்தனையும் வெளியே போயிருக்கிறது என்று கிதிக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு பெனியாசியின் குரல் வந்தது.

"நாவுனிவியிலிருந்து பேசறேன். காத்து தென்கிழக்கு. அலை இல்ல. நீங்க எறங்கலாம், கேப்டன்."

நீங்க. பிறந்ததிலிருந்து பெனி அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரையொருவர் கேலி பண்ணாமல் பேசினால் அங்கே குற்றம். தொப்பை போட்டவனே, குரங்குமூஞ்சி என்றுதான் இரண்டு பேரும் வளர்ந்தார்கள். பெனி நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் கிதிக்கு மூச்சு வந்திருக்கும்.

விமானம் நீரில் இறங்கி, படகுக்கு மாறியபோதும் அப்படித்தான். "பாத்து எறங்குங்க, கேப்டன்," என்று மரியாதையாகக் கைகொடுத்தான். அந்தக் கையைப் பிடிக்கவே கிதிக்குக் கூசியது.

கரையில் ஊர் வரிசையாக நின்று பாடியது. உனாய்சி பூமாலைகளோடு முன்னால் வந்தாள். க்ளெனிஸுக்குப் போட்டாள், ட்ரெவருக்குப் போட்டாள். மூன்றாவது மாலையோடு மகன் முன்னால் நின்றாள். எப்போது ஊருக்கு வந்தாலும் கன்னத்தில் மூக்கை அழுத்தி முகர்ந்து, "நாந்தி நாத்தம் அடிக்குதுடா," என்பவள், இன்று கை நீட்டும் தூரத்திலேயே நின்று மாலையைப் போட்டாள்.

"எங்க ஊருக்கு வாங்க, கேப்டன். மொதத் தடவையா வர்றீங்களா?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. விருந்தாளியைப் பார்க்கிற முகம்தான் இருந்தது. பின்னால் நின்ற சித்திமார், பெரியப்பா, சின்னப் பிள்ளைகள்கூட அதே முகத்தோடு அவனைப் பார்த்தார்கள். அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. இதுதான் என் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தான். பக்கத்தில் ட்ரெவர் நின்றார். வாய் திறந்தபடி இருந்து, மூடிக்கொண்டது.

மண்டபத்தில் பாய் விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். சுட்ட மீன், மரவள்ளிக்கிழங்கு, சேம்பு இலைக்குள் தேங்காய்ப்பால் கட்டி வேகவைத்த பலுசாமி. பலுசாமி என்றால் கிதிக்கு உயிர். ஒரே உட்காரலில் ஆறு தின்பான். அன்றைக்கு விடியற்காலையிலேயே உனாய்சி அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். விருந்தாளிகள் தட்டில் இரண்டு இரண்டாக வைத்தாள். கிதியிடம் வந்தபோது அவள் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

"எங்க சாப்பாடு கேப்டனுக்கு ஒத்துக்காதாமே. கடையிலேருந்து வாங்கி வச்சேன். மூடி பிரிக்கலை, பாத்துக்கோங்க," என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உண்மையாகவே கவனித்துக்கொள்கிற குரல். அதுதான் அவனைக் கொன்றது.

பிஸ்கட்டைத் தின்றான். தொண்டையில் மாவாக நின்றது. எதிரே க்ளெனிஸ் விரலை நக்கிக்கொண்டு, "இதத் திங்காதவன் என்ன மனுஷன், கேப்டன்!" என்று சிரித்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. காது நுனிவரை எரிந்தது. எழுந்து ஓடவும் முடியவில்லை. விமானம் அவனுடையது, விருந்தாளிகள் அவனுடையவர்கள், வந்த இடம் மட்டும்தான் அவனுடையது இல்லை என்று ஆகிவிட்டது.

கிளம்பும்போது க்ளெனிஸ் படம் எடுக்க ஆசைப்பட்டாள். "கேப்டன், சமைச்ச அந்த அம்மாவோட நில்லுங்க. இன்னும் கிட்ட. அட, கிட்டப் போங்க, கடிச்சிட மாட்டாங்க!"

தோளோடு தோள் பட்டது. அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசமும் அடுப்புப் புகையும் அடித்தது. அவனுக்குக் கண் கலங்கியது. உனாய்சி உதட்டை அசைக்காமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படித் தங்கள் மொழியில் சொன்னாள்.

"சிரிடா. அவங்க பாக்குறாங்க."

சிரித்தான். க்ளெனிஸ் படம் எடுத்துக்கொண்டாள். அப்போதும் அவன் சொல்லவில்லை. எத்தனை தடவை சந்தர்ப்பம் வந்தும் சொல்லாத அந்த வாயை என்ன சொல்லித் திட்டுவது?

விருந்தாளிகளை விமானத்தில் ஏற்றிவிட்டு, மிதவையில் கட்டியிருந்த கயிற்றைப் பெனி அவிழ்த்தான். கிதி குனிந்து கேட்டான்.

"பெனி, அம்மா முழுசாக் கேட்டாளா?"

"எந்த அம்மா, கேப்டன்? ஆக்லாந்துல இருக்காங்களே, அவங்களா?"

"பெனி..."

பெனி கயிற்றைச் சுருட்டியபடியே, அவனைப் பார்க்காமல் பேசினான். "நான் ரேடியோவ அணைக்கப் போனேன். அத்தை கையப் பிடிச்சுக்கிட்டா. 'இருடா, இப்ப நம்மளப் பத்திச் சொல்லுவான்'னா. எழுத்தப் பாத்ததும் சொல்லுவான்னா. சாப்பாட்டப் பத்திப் பேச்சு வந்ததும் சொல்லுவான்னா. கடைசிவரைக்கும் அணைக்க விடல." கயிற்றை வீசினான். "அப்புறம் எந்திரிச்சு எல்லாத்துக்கிட்டயும் சொன்னா, 'வந்தவங்க முன்னால என் புள்ள பொய்யனாகக் கூடாது, அவன் யாரோன்னு நடந்துக்கோங்க'ன்னு. அதான் நடந்துக்கிட்டோம். பத்திரமாப் போங்க, கேப்டன்."

விமானம் நீரைக் கிழித்து எழுந்தது. முன்னூறு அடி, ஐந்நூறு அடி. கிதி திரும்ப வேண்டிய பக்கம் திரும்பாமல் ஊரைச் சுற்றி வளைத்தான். பட்டனை இந்தத் தடவை அவனே அமுக்கினான், தீவுகள் முழுக்க யார் யார் கேட்பார்கள் என்று தெரிந்தே அமுக்கினான். முதலில் பின்னால் இருப்பவர்களுக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு தங்கள் மொழியில் சொன்னான்.

"காலைல ஆக்லாந்துன்னு சொன்னவன் பேசறேன். என் பேரு கிதியோனே. நாவுனிவிதான் என் ஊரு. சமைச்சுப் போட்டது எங்கம்மா உனாய்சி. கீழ இருந்தது காயப் போட்ட துணி இல்ல. என் பேரு அது. எனக்காக எழுதினது. நான் பொய் சொன்னேன். அம்மா, என்னை மன்னிச்சிரு."

பட்டனை விட்டான். படம் எடுத்த போனை க்ளெனிஸ் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

பிறகு ரேடியோவில் கரகரவென்று பெனி வந்தான்.

"கேட்டுச்சு மச்சான். எல்லாரும் கேட்டாங்க. அத்தை மட்டும் இங்க இல்ல. துணிய எடுக்கப் போயிட்டா."

"ரேடியோவ அவகிட்டக் கொண்டு போடா. திரும்பச் சொல்றேன்."

"மாட்டேன். இத ரேடியோவுலயா சொல்லுவாங்க? வந்து சொல்லு."

கிதி இறக்கையைச் சாய்த்துக் கீழே பார்த்தான். புல்வெளியில் கடைசி எழுத்து மட்டும் மிச்சமிருந்தது. உனாய்சி தனியாக ஒரு விரிப்பின் நுனியை முகவாயில் இடுக்கிக்கொண்டு, கையை அகல விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் நிழல் புல்லின் மேல் வந்து அவளையும் கடந்து போனது. அவள் தலை நிமிரவில்லை. குனிந்து அடுத்த விரிப்பின் மேலிருந்த கல்லை எடுத்தாள்.