மூணு கோடு

தையல்காரியின் மகளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். அந்த வாய் வகுப்பில் எங்கே போய்த் தொலைந்ததோ, தெரியவில்லை.

ஒருநாள் பின்வரிசைக் கும்பல், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற வகுப்புத்தோழியைச் சூழ்ந்துகொண்டது. கிடுகிடுவென்று வளர்கிற பெண் அவள். பாவாடையை மூன்று முறை இறக்கித் தைத்ததில் பழைய மடிப்புகள் கோடு கோடாகத் தெரிந்தன. "மூணு கோடு, மூணு கோடு" என்று மேசையைத் தட்டிப் பாடினார்கள். நெட்டை கூனிக் குறுகி நின்றாள். வாயாடிக்குத் தன்னையே சூழ்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. தாங்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அழுததும் மனசு லேசாகிவிட்டது. தனக்குத்தான் எத்தனை இளகிய மனசு என்று கொஞ்சம் பெருமைகூட. என்னத்தைச் சொல்ல, பதின்மூன்று வயசு.

சாயங்காலம் நெட்டை அதே பாவாடையோடு வாயாடி அம்மாவின் தையல் கடைக்கு வந்தாள். "ஆன்ட்டி, இந்தக் கோட்டை மறைக்க முடியுமா?"

"அதுக்கென்ன கண்ணு, மேல பட்டி வெச்சுத் தெச்சாப் போச்சு." அம்மா மகளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். "இதோ, இவளுக்கும் அப்படித்தான் மறைச்சிருக்கேன்."

வாயாடி சட்டென்று பட்டியைக் கையால் மூடினாள்.

பட்டித்துணி எடுக்க அம்மா உள்ளே போனதும் நெட்டை கேட்டாள். "அப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்டி. அதான் பாக்க முடியாம போயிட்டேன். பாத்ரூம்ல எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

"நான் உன்னத்தான் தேடினேன். சிரிக்காத மூஞ்சி ஒண்ணாவது இருந்தா போதும்னு இருந்துச்சு. உன் இடம் காலியா கெடந்துச்சு."

கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு வாயாடிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் பட்டியும் யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்ற பயத்திலும்தான் ஓடினாள். அதை மட்டும் சொல்லவில்லையே என்று மனசு அரித்தது. பிளேடை எடுத்துத் தன் பட்டியைப் பிரித்தாள்.

மறுநாள் அவள் பாவாடையில் தெரிந்த கோடுகளைப் பார்த்துக் கும்பல் ஒரு கணம் முழித்தது. பிறகு நெட்டையை விட்டுவிட்டு இவள் மேசையைத் தட்ட ஆரம்பித்தது. வாயாடிக்குக் கால் வாசல் பக்கமே இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நெட்டையைத் தேடினாள்.

புதுப் பட்டி தைத்த பாவாடையோடு நெட்டை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். தான் நேற்றுச் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதானா என்று நினைத்தபோது, வாயாடியால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.