கேட்காமல் கொடுத்த சிவப்பு

போன வாரம் அவள் கொடுத்த சிவப்பு எச்சரிக்கைக்கு ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள், கடைகளை மூடினார்கள், வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடித்தது. அன்றிலிருந்து, அவள் முன்னறிவிப்பு எழுதும் வானிலை மையத்தில் அவளுக்குச் 'சிவப்பக்கா' என்று பேர். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்த்தாள். எத்தனை பேரோடு மல்லுக்கு நிற்பது? இயக்குநர் பேர் வைக்கவில்லை, சுற்றறிக்கை விட்டார்: இனி தன் அனுமதி இல்லாமல் யாரும் சிவப்பு கொடுக்கக் கூடாது.

இன்று மதியம் இரண்டு மணிக்கு, திறந்த சாப்பாட்டு டப்பாவை அப்படியே விட்டுவிட்டு அவள் ரேடார் திரைக்கு முன்னால் போய் நின்றாள். மேற்கே மலைச்சரிவில் ஓர் இடிமேகம். அது நகர்ந்ததும் அதே இடத்தில் இன்னொன்று முளைத்தது. அதன் பின்னால் இன்னொன்று. ரயில் பெட்டிகள் மாதிரி ஒரே தடத்தில் வரிசை கட்டி, ஊருக்குள் வரும் ஓடையின் தலைப்பக்கத்தில் வந்து கொட்டின. அவற்றைக் கலைத்துத் தள்ள மேலே பலமான காற்றும் இல்லை.

"மலையில இருக்கற மழைமானி என்ன சொல்லுது அண்ணே?"

ரேடாரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நாப்பது நிமிஷத்துல எழுபத்தெட்டு மில்லிமீட்டர்."

மூன்று நாள் தூறலில் மலை மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. இனி விழுவதெல்லாம் ஓடைக்குத்தான். ஓடையோரம் ஒரு சுரங்கப்பாதை, சந்தைத் தெரு, தரைக்குக் கீழே வரிசையாகப் பட்டறைகள். அதில் ஒன்று அவள் அக்காவின் தையல் கூடம்.

இயக்குநரைப் போனில் பிடித்தாள்.

"ஆரஞ்சு போதும்மா. போன வாரம் பட்டது பத்தாதா?"

"ஆரஞ்சுன்னா யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க சார்."

"இன்னொரு தடவை பொய்யாச்சுன்னா அப்புறம் நாம என்ன சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். அதை யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தாள். ஒரு வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம் பார்ப்போம்," என்றார் அவர்.

"ஒரு மணி நேரத்துல தண்ணி வந்துடும் சார்."

அவர் குரல் இறங்கியது. "உங்க அக்கா அந்தப் பக்கம்தானே? பயமா இருந்தா அவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அக்காவுக்கு ஒரு மழை, ஊருக்கு ஒரு மழையா?

"நான் சிவப்பு கொடுக்கறேன் சார்."

"வேண்டாம்னு சொல்றேன்."

"கேட்டுச்சு சார். நீங்க வேண்டாம்னு சொன்னதையும் பதிவேட்டுல எழுதிடறேன்."

ஓடையோரத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போகவும், கீழ்த்தளத்திலும் சுரங்கப்பாதையிலும் யாரும் இருக்க வேண்டாம், சாமான் எடுக்க நிற்காதீர்கள் என்று தட்டினாள். அவசரத்தில் இரண்டு எழுத்து பிசகியது. திருத்தினாள்.

"என் பேரையும் போடு," என்றார் பொறியாளர்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணே வம்பு?"

"போடுன்னா போடு. ரேடாருக்கு நான்தான் பொறுப்பு."

செய்தி போன எட்டாவது நிமிடம் அக்கா கூப்பிட்டாள். "மறுபடியும் உன் வேலைதானா? போன வாரம் உன்னால பாதி நாள் பொழப்பு போச்சு. இங்க வெயில் அடிக்குதுடி."

"அடிக்கட்டும். மேல ஏறு."

"பன்னெண்டு பேரு தைச்சிட்டிருக்காங்க..."

"பன்னெண்டு பேரையும் ஏத்து. மெஷினைத் தொடாதே. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு, நின்னு கேட்டுக்கறேன்."

அக்கா போனை வைக்க மறந்துவிட்டாள். அவள் யாரையோ அதட்டுவதும், படியில் செருப்புகள் ஏறுவதும் கடைசி வரை கேட்டது.

மூன்றே காலுக்கு ஓடை வந்தது. பழுப்பு நிறத்தில், மரக்கட்டைகளையும் யாருடைய வேலியையோ சுமந்துகொண்டு. பத்தே நிமிடத்தில் தையல் கூடம் கூரை வரை நிரம்பியது. சுரங்கப்பாதையைப் போலீஸ் அதற்கு முன்பே அடைத்திருந்தது. வேனை எடுக்கத் திரும்பி ஓடிய ஒருவர் மட்டும் இரண்டு மணி நேரம் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். உயிரோடு இறக்கினார்கள்.

கிழக்குப் பக்கம் மழையே இல்லை. கடையை மூடிய ஆத்திரத்தில் அங்கிருந்து போன் மேல் போன். "ஆமாங்க, உங்க பக்கம் தப்பாப் போச்சு," என்று ஒவ்வொருவரிடமும் ஒப்புக்கொண்டாள். "ஆனா அடுத்த தடவையும் சொல்லுவேன்."

மறுநாள் காலை விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவள் அரைப்பக்கம் பதில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இயக்குநர் இரண்டு முறை படித்தார்.

"இதுல வருத்தம்னு ஒரு வார்த்தைகூட இல்லையே."

"இல்ல சார்."

"விசாரணை வைப்பாங்க. மேலிடத்துல கேட்டா நான் உங்களைக் காப்பாத்த முடியாது."

"நேத்து என்ன பார்த்தேனோ அதைச் சொல்லுவேன். மேகம் மறுபடி அப்படி நின்னா, மறுபடி கொடுப்பேன்."

அவர் காகிதத்தைக் கோப்பில் செருகினார். மலைப்பக்கத்துப் புது ரேடார் படம் வரும் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.