நாலு நொடி பேச்சித்தாய்

பதினோரு மணிக் காட்சிக்கு எட்டேகாலுக்கே சட்டை போட்டுவிட்டார் மந்திரமூர்த்தி. போட்ட சட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். அது பேச்சித்தாய் எடுத்துக் கொடுத்தது. வேண்டாம் என்று பழையதற்கே திரும்பினார். வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். மூன்று நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை அவருக்கு.

திங்கட்கிழமை இத்ரீஸ் போன் செய்ததில் ஆரம்பித்தது இது. குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறவர். மந்திரமூர்த்தி மின்வாரியத்தில் இருந்த காலத்துச் சிநேகிதர்.

"அண்ணாச்சி, நம்ம மாடன் படத்தத் தென்காசியில மறுபடியும் போட்டிருக்கான். வியாழக்கிழமை வரைக்கும்தான், பகல்ல ரெண்டு ஆட்டம். வெள்ளிக்கிழமை புதுப்படம்."

இன்றைக்கு வியாழன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் வந்த படம் அது. பேர் வேறென்னவோ, ஊரில் மாடன் படம் என்றால்தான் தெரியும். பட்டணத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு பையனுக்குத் துணையாக அவனுடைய குலசாமிகளும் பஸ் ஏறிப் போகிறார்கள்: மாடன், அவருடைய தங்கச்சி, போன தலைமுறையில் செத்துப்போன ஒரு தாத்தா. யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். மாடனுக்கு லிப்டில் ஏறப் பயம். சுருட்டு கிடைக்காமல் ஊதுபத்தியை மோந்து பார்ப்பார். பையனின் காதல் முறிந்தால் அவனைவிட அதிகமாக அவர்தான் அழுவார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிடும். பெரிய படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் பேச்சித்தாய் அதை ஏழு முறை கொட்டகையில் பார்த்தாள், ஏழு முறையும் அழுதாள்.

அந்தப் படத்தில் அவளும் இருந்தாள்.

அருவியில் குளித்துவிட்டு வந்தவளை, ஈரத்தலையும் கையில் வாளியுமாகப் பார்த்து, குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு நடக்க வைத்தார்கள். நடுவில் மாடன் நிற்பார். அவரைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போகவேண்டும், அவ்வளவுதான். பேச்சித்தாய் அவர் பக்கத்தில் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நிறுத்தி, திரும்பவும் நடக்கச் சொன்னார்கள். திரும்பவும் கழற்றினாள்.

"அம்மா, அவரு நடிகரும்மா," என்றார் உதவி இயக்குநர்.

"தெரியும் தம்பி. ஆனா குல்லாவும் கையில வல்லய ஈட்டியுமா நிக்குதாரே. செருப்புக் காலோட எப்பிடித் தாண்டிப் போவ?"

நாலாவது முறையும் கழற்றினாள். ஆனால் அந்த முறைதான் மாடன் கண்ணில் சரியான நேரத்துக்குத் தண்ணீர் இறங்கியதாம். இயக்குநர் போதும் என்றுவிட்டார்.

கொட்டகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் பேச்சித்தாய் தன் கையால் புருஷன் கண்ணைப் பொத்துவாள். "பாக்காதிய, வெக்கமா இருக்கு." அவள் விரல் சந்து வழியாகத்தான் அவளைப் பார்த்திருக்கிறார் மந்திரமூர்த்தி. "செருப்பக் கழத்துன கதைய ஆனந்தவள்ளிகிட்ட மட்டும் சொல்லிராதிய. ஆயுசுக்கும் கேலி பண்ணுவா," என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தாள்.

ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். இது ஆடி. டிவியில் போடும்போது அந்த பஸ் ஸ்டாண்டை வெட்டிவிடுகிறார்கள். தயாரிப்பாளர்களுக்குள் வழக்காம், போனிலும் படம் கிடைக்கவில்லை. கல்யாணக் கேசட் பூஞ்சை பிடித்துவிட்டது. போனில் இருக்கிற வீடியோ எல்லாம் அவள் எடுத்தவை. "இங்கன பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று குரல் மட்டும் வரும், ஆள் வரமாட்டாள். அவள் நடப்பதைப் பார்க்க இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த நாலு நொடிதான். அதுவும் இன்றோடு சரி.

ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டும்போது எதிர்வீட்டிலிருந்து ஆனந்தவள்ளி வந்தாள். பேச்சித்தாயின் தங்கச்சி. முப்பது வருடம் பம்பாயில் இருந்துவிட்டு ஆய்க்குடிக்குத் திரும்பியவள். அக்கா போனதிலிருந்து இந்தத் துஷ்டி வீட்டின் சட்டதிட்டமெல்லாம் அவள் கையில். தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றவிடவில்லை. சீசனுக்கு அருவிப் பக்கம் போகவிடவில்லை.

"அத்தான், எங்க கெளம்பிட்டிய?"

"ஆபீசுக்கு. பென்சனுக்கு உயிரோட இருக்கேன்னு காட்டணும்."

"அது போன மாசமே காட்டிட்டு வந்தியளே. அதுக்குள்ள அவங்களுக்கு என்ன சந்தேகம் வந்துட்டு?"

அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"சரி, நில்லுங்க. நானும் தென்காசி வாரேன். ஜாக்கெட் தைக்கக் குடுத்தது கெடக்கு."

பஸ்ஸில் சாரல் அடித்தது. ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். இறங்கியதும் ஜாக்கெட்டை வாங்கிக் கொடுத்து அவளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், அவள் ஆபீஸ் வரைக்கும் வருகிறேன் என்றாள். இல்லாத ஆபீசைத் தேடிக் கோயில் வாசல் வரைக்கும் நடந்தார், மார்க்கெட்டைச் சுற்றினார். மணி பத்து ஐம்பது.

"இந்தப் பாத்திரக் கடைய ரெண்டு தடவ தாண்டியாச்சு அத்தான். உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

சொல்லிவிட்டார். நடுத்தெருவில், ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க.

ஆனந்தவள்ளிக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா போயி வருசம் திரும்பல. சினிமாக் கொட்டகைக்கா போறிய? ஊருக்காரங்க பாத்தா என்ன பேசுவாவ?"

"படம் பாக்கப் போகலட்டி. அவளப் பாக்கப் போறேன்."

அவள் சேலை முந்தானையை இழுத்து இழுத்து விட்டாள்.

"எம்புட்டு நேரம் வருவா?"

"நாலு நொடி."

"கடைசி வரிசையில உக்காரணும்," என்றாள் ஆனந்தவள்ளி. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கொட்டகையில் பாதி நிறைந்திருந்தது. மாடன் லிப்டுக்குள் வல்லயம் மாட்டிக்கொண்டு தவித்தபோது ஆனந்தவள்ளி வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரித்துவிட்டு, தன்னை யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். மந்திரமூர்த்தி சிரிக்கவில்லை. இங்கேயும் வெட்டியிருந்தால்? கால் ஆடிக்கொண்டே இருந்தது. இடைவேளையில் போய் டிக்கெட் கிழிப்பவரிடம், "பஸ் ஸ்டாண்டு சீன் இருக்கா?" என்று கேட்டார். "எந்த பஸ் ஸ்டாண்டு?" என்றார் அவர்.

இடைவேளைக்கு அப்புறம் ஒரு தடவை கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் வருவதற்குள் அவர் இரண்டு முறை எழுந்து நின்றார். "உக்காருங்க பெரியவரே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பின்னால் வரிசையே கிடையாது. சுவரோரம் நின்ற முறுக்கு விற்கிறவர்.

அப்புறம் வந்தது. குற்றாலம் பஸ் ஸ்டாண்டு. பையன் ஊருக்குத் திரும்பாமல் போய்விட்டான், மாடன் தனியாக வந்து இறங்குகிறார். திரையில் முதலில் பாதம், அதில் சலங்கை. பிறகு இடுப்பில் சல்லடம், கையில் வல்லயம், தலையில் குல்லா. கொட்டகை முழுக்க மாடன். பக்கத்தில் ஏதோ சரசரத்தது. மந்திரமூர்த்தி திரும்பவில்லை.

இடது பக்கமிருந்து பேச்சித்தாய் வந்தாள். பச்சைச் சேலை, ஈரத்தலையில் துண்டு, வலது கையில் வாளி, இடது கையில் செருப்பு. லேசாகக் குனிந்து, ஒதுங்கி, மாடனைத் தாண்டினாள். கொட்டகை சிரித்தது. தாண்டியதும் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். கேமராவை அல்ல, அதற்குக் கொஞ்சம் வலது பக்கம். அன்றைக்கு அந்த இடத்தில் அவளுடைய பையும் இத்ரீஸ் கொடுத்த சிப்ஸ் பொட்டலமுமாக நின்றது மந்திரமூர்த்தி. சரியாப் பண்ணுனனா என்று கேட்கிற பார்வை. ஏழு முறையும் அவள் கை மறைத்துக்கொண்டதால் இதைத் திரையில் அவர் பார்த்ததே இல்லை.

போய்விட்டாள். கையில் தயாராக வைத்திருந்த போனை அவர் தூக்கவே இல்லை.

"பாத்தியாட்டி?" என்று திரும்பினார்.

ஆனந்தவள்ளி இருக்கைக்கடியிலிருந்து நிமிர்ந்தாள். "எத?"

"பச்சச் சேலையில போனாளே! நீ எங்க போன?"

"மாடன் இம்புட்டுப் பெருசா நிக்குதாரேன்னு..." அவள் கீழே காட்டினாள். செருப்பைக் கழற்றி உள்ளே தள்ளி வைத்திருந்தாள்.

மந்திரமூர்த்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. ஒன்பது மாதமாக வராத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; திரையில் மாடன் அழுதுகொண்டிருந்தார். சத்தியத்தை மீறி, குசுகுசுவென்று எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க ஆனந்தவள்ளிக்கு உதடு கோணியது.

"இத முன்னாலயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? எங்க அக்கா வந்துட்டுப் போயிருக்கா, நான் கீழ குனிஞ்சுட்டு இருந்திருக்கேன்!" மூக்கை உறிஞ்சினாள். "மத்தியான ஆட்டம் எத்தன மணிக்கு?"

"ரெண்டரைக்கு. அதோட சரி."

"டிக்கெட் தீந்துரும். நான் போயி எடுக்கேன். நீங்க எந்திரிக்காதிய."

மாடனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, வெறுங்காலோடு இருட்டில் படியிறங்கிப் போனாள். தலையிலிருந்து முந்தானை விழுந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

மந்திரமூர்த்தி ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். வெளியே சாரல், தரையெல்லாம் ஈரமாக இருக்கும். குனிந்து அவளுடைய செருப்பைத் துழாவி எடுத்து, இடது கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.