கை நனைக்காத விருந்து

பாண்டித்துரை பெண் பார்க்கக் கூப்பிட்ட இடம், அவினாசி ரோட்டில் கொரியாக்காரர்களுக்காகத் திறந்த ஓட்டல். மேசை நடுவே அடுப்பு, அதன்மேல் கொதிக்கும் சட்டி, சுற்றிலும் பச்சைக் கறியும் காளானும் கீரையும். காசையும் கொடுத்துச் சமையலையும் நாமே செய்ய வேண்டுமாம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரான அவனுக்கு, சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்களைக் கூட்டிவந்து பழகிய இடம். பனியன் கம்பெனியில் நாள்முழுக்க நின்றபடி செக்கிங் பார்க்கும் நாகஜோதிக்கு உள்ளே நுழைந்ததுமே கால் கூசியது.

ஆனாலும் தைரியமாகத்தான் வந்திருந்தாள். இரு வீட்டாருக்கும் சொந்த ஊரான உசிலம்பட்டிப் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை அடுத்த வீட்டார் சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம், அப்புறம் பின்வாங்கினால் அசிங்கம். பிழைக்கத் திருப்பூர் வந்து பத்து வருஷமாகியும் அந்த வழக்கம் மட்டும் விடவில்லை. ஓட்டல் என்றாலும் விருந்து மாப்பிள்ளை வீட்டாருடையது. அதனால் பஸ்ஸிலேயே அப்பா சீனிச்சாமி சொல்லியிருந்தார்: "புடிக்கலேன்னா சாப்பிடாத தாயி. ஒன்னையப் பாத்துட்டுத்தான் நானும் வாயில வைப்பேன். சத்தியம்."

"அவங்கவங்களுக்கு வேணுங்கிறத அவங்கவங்களே போட்டு எடுத்துக்கணும்" என்று பாண்டித்துரை விளக்கினான். விளக்கியதோடு சரி. அவன் அம்மா ராமாயி எழுந்து கறியைப் போட்டாள், கிண்டினாள், அரித்தெடுத்து ஊற்றினாள். மகன் கிண்ணத்தை நீட்டினான். புருஷன் ராக்கையா நீட்டினார். அவள் ஒரு வாய் அள்ளலாமென்று உட்காரும்போதெல்லாம், "எம்மா, காளான்", "ஏய், கீரை கரையுது பாரு" என்று குரல் வந்தது. சட்டி எல்லாருக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் கிண்ணம் மட்டும் காய்ந்து கிடந்தது.

"கல்யாணத்துக்கப்புறம் நீ வேலைக்கு ஓட வேணாம். அம்மாவுக்கும் முடியல, வீட்டுல கூடமாட ஒரு ஆளு வேணும்ல?" பாண்டித்துரை சிரித்துக்கொண்டே இந்த முறை கிண்ணத்தை நாகஜோதியிடம் நீட்டினான்.

குடிக்கிறவன், அடிக்கிறவன் என்றால் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? நாகஜோதி அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. ஏசி ஓட்டல், மெர்ச்சண்டைசர் மாப்பிள்ளை, தனக்கென்று ஊற்றி வைத்த கிண்ணம். மனிதர் சொக்கிப்போயிருந்தார். அள்ளி வாயில் வைத்து, "நல்லாருக்கு மாப்ளே" என்றார்.

சத்தியமாவது மண்ணாவது! நாகஜோதிக்கு அழுகை முட்டியது.

ராமாயி கரண்டியோடு அவள் பக்கம் வந்து குனிந்தாள். ஊற்றவில்லை.

"எங்கய்யாவும் இப்படித்தான் எனக்கு முன்னாடி நனைச்சாரு" என்றாள் காதோரம். "நீ நனைக்காத தாயி."

"என்ன குசுகுசுப்பு? புள்ளைக்கு ஊத்து" என்றார் ராக்கையா.

ராமாயி அசையவில்லை. நாகஜோதி, பாண்டித்துரை நீட்டிய கிண்ணத்தை வாங்கி அவன் முன்னாலேயே வைத்தாள். பிறகு தன் காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

"எனக்கு வேணாம்ப்பா" என்றாள்.

சீனிச்சாமி வாய் நிறையக் கறி இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.