தண்ணிப் படம்

நானூற்று ஐம்பது வெள்ளி. வள்ளியம்மா அக்கா என் மகள் நித்தியாவுக்குத் தர வேண்டிய பாக்கி அது. எழுநூறுக்குப் பேசி, இருநூற்று ஐம்பது முன்பணம் கொடுத்திருந்தார். படம் கைக்கு வந்ததும் மீதி என்று பேச்சு. படம் கைக்குப் போய் ஒரு வாரம் தாண்டிவிட்டது, மீதி வரவில்லை.

நித்தியா ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை செய்கிறாள். சனி, ஞாயிறு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். குடும்பப் படம், நிச்சயதார்த்தம், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று யார் கூப்பிட்டாலும் போவாள். எடுத்ததில் அவர்களுக்குப் பிடித்த ஒன்றைப் பொறுக்கி, வாட்டர் கலரில் தாளில் வரைந்தும் கொடுப்பாள். போட்டோவுக்கு ஒரு விலை, வரைவதற்கு ஒரு விலை.

நான் அவளுக்குக் கூலி வாங்காத கூலியாள். வாரம் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வெள்ளைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெயிலை வாங்கி ஆட்களின் முகத்தில் திருப்பி அடிக்கிற பலகை அது. குலையோடு பார்த்தால் பஞ்சு மாதிரி. ஆனால் அசையாமல் நிற்க வேண்டும். குலை வெட்டும்போது முதுகுக்கு ஒரு வேலை இருக்கும், வாயை மூடிக்கொண்டிருக்கும். சும்மா நிற்கும்போதுதான் அது என்னோடு பேச ஆரம்பிக்கும்.

இந்தப் பாக்கியை அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. ரவாங்கில் நடக்கப்போகிற தீபாவளிச் சந்தையில் ஒரு மேசை பிடித்திருந்தாள். வருகிறவர்களை அங்கேயே படம் எடுத்து, வரைவதற்கு ஆர்டர் வாங்கலாம் என்பது அவள் கணக்கு. மேசை வாடகையை ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மேசை போனால் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் பேர் கொடுத்துவிடுவேன், இனிமேல் இந்த அலைச்சல் வேண்டாம் என்று சாப்பிடும்போது சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன். ஓவர்டைம் காசு பிடித்துவிட்டால் யாரும் அதை விடுவதில்லை. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

வள்ளியம்மா அக்கா எங்கள் தோட்டத்து ஆயக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். நித்தியாவும் அவர் மடியில் கிடந்தவள்தான். அவர் வீட்டுக்காரர் காளியண்ணன், ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தவர். இருவரும் வேலையிலிருந்து நின்று, லயத்தைக் காலி செய்து, புக்கிட் ரோத்தான் தாமானில் வரிசை வீடு ஒன்றை வாங்கிப் போனார்கள். புது வீட்டுச் சுவருக்கு இரண்டு பேரும் சேர்ந்திருக்கிற படம் வேண்டும் என்றார் அக்கா. சேர்ந்திருக்கிற படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. கல்யாணத்தன்று படம் பிடிக்க வந்தவர் தண்ணி போட்டுவிட்டு வந்து, பெண்ணுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனை நிற்க வைத்துப் பிடித்துவிட்டுப் போயிருந்தார்.

தஞ்சோங் காராங்குக்கு அழைத்துப் போனோம். நெல் பச்சைப் பசேல் என்று நின்ற நேரம். வாய்க்கால் ஓரத்து வரப்பில் இரண்டு பேரையும் நிறுத்தினாள் நித்தியா. அக்கா சேலையைச் சரி செய்தார், பொட்டைச் சரி செய்தார், புருசனின் காலரைச் சரி செய்தார். மண்டோர் அடையாளக் கார்டுக்குப் படம் பிடிக்கிற மாதிரி கையைத் தொங்கப்போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் சிரிங்க பெரியப்பா என்று நித்தியா கெஞ்சிப் பார்த்தாள். எதற்கு என்று கேட்டார். அவள் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. என் முதுகும் பேச்சை ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. செருப்பைத் திட்டினார், செருப்பு விற்றவனைத் திட்டினார், வரப்பில் நிற்கச் சொன்ன என் மகளையும் சேர்த்துக்கொண்டார். மண்டோர் சிரித்துவிட்டார். வாய் முழுக்க, கடைவாய்ப் பல் போன ஓட்டை தெரிகிற அளவுக்கு. அக்கா பக்கவாட்டில் திரும்பி அவரை ஒரு முறை முறைத்தார். நித்தியா அதைப் பிடித்துவிட்டாள்.

அதைத்தான் வரைந்தாள். பொழுது போய் வேலையிலிருந்து வந்து, குளித்து, சமையல்கட்டு மேசையில் தாளை ஒட்டி வைத்து, இரண்டு வாரம் போல வரைந்தாள். அக்கா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த மனிதன் சிரித்ததற்கு இனிமேல் சாட்சி இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சப் போகிறோம், அன்றைக்குச் சுவரில் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடி. கண்ணாடிச் சட்டம் போடுகிற கடையில் இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சரி, அட்டையோடு அப்படியே மாட்டுங்கள், கண்ணாடி பிறகு போடலாம், வாட்டர் கலர், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் பெரியம்மா என்று சொல்லித்தான் கொடுத்தாள். அக்காவும் தலையை ஆட்டித்தான் வாங்கினார்.

பால் காய்ச்சியது நன்றாக நடந்தது. வந்தவர்கள் எல்லாம் படத்துக்குக் கீழே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தாண்டி, சனிக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து போன். பாக்கியைத் தரப்போகிறார் என்று நினைத்தோம். வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

போய்ப் பார்த்தோம். அக்கா படத்தில் அப்படியே முறைத்துக்கொண்டிருந்தார். அவர் முறைக்கிற இடத்தில் மண்டோரைக் காணோம். கழுத்துக்கு மேலே காவி நிறத்தில் ஒரு மேகம். சட்டையின் நீலம் காது வரைக்கும் ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாமிப் படங்களை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அக்கா முருகனைத் துடைத்தார், மாரியம்மனைத் துடைத்தார், அதே கையோடு புருசனையும் துடைத்திருக்கிறார். முதலில் புருசன், அப்புறம்தான் தான் என்பது அவர் வழக்கம். புருசன் கரைவதைப் பார்த்துக் கையை எடுத்திருக்கிறார், அதனால் அக்கா முகம் தப்பித்தது.

நித்தியா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏன் பெரியம்மா, வாட்டர் கலர்னு சொன்னேனே என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதான் பாப்பா நானும் சொல்றேன். தண்ணிப் படம்னா தண்ணிக்குத் தாங்குற படம்னுதானே நெனைப்பாங்க? என் மவன் விமலன் கைக்கடியாரத்துலகூட வாட்டர்னுதான் எழுதியிருக்கு. அவன் ஆத்துல குதிச்சாலும் அது ஓடுதுலா."

எனக்குச் சிரிப்பு வந்தது. மகளைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பிறகு வாக்குவாதம் ஆரம்பித்தது. மூஞ்சி இல்லாத புருசனுக்கு நானூற்று ஐம்பது கொடுக்க முடியாது என்றார் அக்கா. என் கையை விட்டுப் போகும்போது மூஞ்சி இருந்தது என்றாள் நித்தியா. வேறு வரைந்து கொடு, காசை வாங்கிக்கொள் என்றார் அக்கா. புதிதாக வரைய இன்னும் இரண்டு வாரம் ஆகும், எனக்கு நாளைக்குள் வேண்டும் என்றாள் நித்தியா. இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. மண்டோர் நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, இப்போதுதான் படம் பார்க்க நன்றாக இருக்கிறது, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை யார் பார்ப்பது என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையும் படத்தில் இருக்கிற பார்வையும் ஒன்றுதான்.

நித்தியா அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினாள். துடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தாளின் மேல் தோல் உரிந்திருக்கிறது, பல், உதட்டுக் கோடு மாதிரி நுணுக்கமெல்லாம் இனி இதில் நிற்காது, அந்தச் சிரிப்பைத் திரும்ப இதில் கொண்டுவர முடியாது என்றாள். ஆனால் கொஞ்சம் தடிமனாக, கோடு குறைவாக ஒரு முகம் நிற்கும். சிரிப்பை விட்டால் எடுத்த போட்டோ எல்லாம் அடையாளக் கார்டு முகம்தான், அதனால் ஆளைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். பெரியப்பா உட்கார்ந்தால் இப்போதே செய்துவிடலாம்.

சிரிப்பு இல்லாமலா என்று அக்கா கேட்டார். சிரிப்பு இல்லாமல்தான் என்றாள். அக்காவுக்கு மனசே இல்லை. சரி செய் என்றார், ஆனால் எனக்குப் பிடிக்காவிட்டால் காசு கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன் என்றார். நித்தியாவும் சரி என்றுவிட்டாள்.

வண்டியிலிருந்து வர்ணப் பெட்டியையும் பலகையையும் எடுத்து வந்து, ஒரு குவளை தண்ணீர் கேட்டாள். தண்ணீரைக் கண்டதும் அக்கா பதறிவிட்டார். நித்தியா ஈரத் தூரிகையால் அந்தக் காவி மேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, துணியில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தாள் வெளுத்தது. மண்டோரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, என் கையில் பலகையைக் கொடுத்தாள். அவர் பழையபடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். அடையாளக் கார்டு முகம் வந்துவிட்டது. நித்தியா தூரிகையைத் தூக்கினாள், வைத்தாள், தூக்கினாள், வைத்தாள். இந்த முகத்துக்கு அக்கா காசு தரமாட்டார் என்பது எனக்கே தெரிந்தது.

ஏதாவது பேச்சுக் கொடுக்கலாம் என்று, வீட்டுக்கு முன்னால் வாழைக்கன்று வைத்திருக்கிறீர்களே அண்ணே, சாக்கடைக்கு இவ்வளவு கிட்டவா என்று கேட்டேன். நன்றாகக் கேட்டாய் தம்பி, நான் சொன்னால் கேட்கிறாரா என்று அக்கா சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். வேர் போய்ச் சிமெண்டை உடைக்கும், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான் என்றார்.

மண்டோர் அந்தப் பக்கம் திரும்பினார். வாழை வேர் எங்கே போகும், எங்கே போகாது என்று ஆரம்பித்தார். அப்படியே சாக்கடை எந்தச் சரிவில் வெட்டப்பட்டது, அதை வெட்டியவனுக்கு என்ன தெரியாது, தான் இருந்திருந்தால் எப்படி வெட்டியிருப்பார் என்று போனார். புருவம் ஏறியது. ஒரு கண் சுருங்கியது. அக்கா இடையிடையே ஒரு வார்த்தை போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் விறகு தள்ளுவது மாதிரிதான். நித்தியாவின் கை நிற்கவே இல்லை. என் முதுகு என்னென்னவோ சொன்னது, நான் காதில் வாங்கவில்லை.

அவர் பக்கத்து வீட்டுக்காரனுடைய கார் நிறுத்தும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தபோது, போதும் பெரியப்பா என்றாள் நித்தியா. அவர் நிறுத்தவில்லை. சாக்கடையை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கோடு அதிகம் இல்லை. பாதி திறந்த வாய், ஏறிய புருவம், எதையோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிற முகம். பக்கத்தில் அக்கா முறைத்தபடி நிற்கிறார். முன்னே அவர் ஏன் முறைக்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் செருப்புக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது கதை தேவையில்லை.

அக்கா படத்தையும் புருசனையும் மாறி மாறிப் பார்த்தார். நித்தியா தூரிகையைக் குவளையில் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள், அது சுத்தமான பிறகும்.

"சிரிச்சது ஒரு நாளு," என்றார் அக்கா. "இந்த வாயிதான் பாப்பா தெனமும் என் காதுல கெடக்கு. இதுதான் இவரு." பிறகு புருசன் பக்கம் திரும்பினார். "என்னாங்க, புள்ளைக்குக் காசக் குடுங்க."

நானா என்றார் மண்டோர். உங்கள் மூஞ்சிதானே, நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றார் அக்கா. அவர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

மண்டோர் பெருமூச்சு விட்டுப் போனை எடுத்தார். நித்தியா தன் போனில் இருந்த சதுரக் கட்டத்தைக் காட்டினாள். அதை அவர் ஸ்கேன் செய்தார், விமலன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். தொகையை ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார். பிறகு நிறுத்தி, எதற்கு அனுப்புகிறேன் என்று எழுதச் சொல்லிக் கேட்கிறதே, என்ன எழுதுவது என்றார்.

"மூஞ்சிக் காசுன்னு எழுதுங்க," என்றார் அக்கா.

அவர் மறுபேச்சுப் பேசாமல் தட்டினார். நித்தியாவின் போன் மணி அடித்தது. அவள் பார்த்துவிட்டு, பாக்கி தீர்ந்தது பெரியம்மா என்று சொல்லிக்கொண்டே போனை என் பக்கம் திருப்பினாள். நானூற்று ஐம்பது. அதற்குக் கீழே, ஒரு புள்ளி விட்டுப்போய், மண்டோர் தன் கையால் எழுதியது. மூஞசிக் காசு. அவள் அங்கே நின்றபடியே மேசை வாடகையைக் கட்டினாள்.